இடுப்பில் கட்டிய துண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மதுரை கே.கே. நகரில் சற்று நின்று பாருங்கள். ஒரு பக்கம் மாட்டுத்தாவணியை நோக்கி விரையும் பஸ்கள். மறு பக்கம், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் உலாவிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி, காப்பியை நினைத்துக்கொண்டே வீடு திரும்பும் பெரியவர்கள். இவர்களுக்கு நடுவே, வெளுத்து மடித்த வெள்ளைப் புடவையும் கையில் கறுப்பு அட்டை போட்ட வேதப் புத்தகமுமாக ஆலயத்துக்குப் புறப்பட்ட குடும்பங்கள். பார்க்கவே மனத்துக்கு இதமாக இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறன்று, தெரிந்த குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஆலயத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டு அம்மாள் மட்டும் போகவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பது வழக்கம். கொண்டையை அள்ளி முடிந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, அதன்மேல் ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு வெந்நீர்ச் சட்டி. உள்ளே கட்டிலில் அவருடைய மாமியார். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வருஷமாகப் படுக்கையோடு படுக்கை.

"இந்த வாரமும் கோயிலுக்குப் போகலை தம்பி" என்றார் அக்கா. "எங்கள் பெண்கள் சங்கத்திலே எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்குப் போறாங்க, நோயாளிகளுக்கு ரொட்டி, பழம் கொடுத்து ஜெபம் பண்ணிட்டு வர்றாங்க. ஒருத்தி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்குத்தான் ஒரு ஊழியமும் செய்யக் கொடுத்து வைக்கலை. இந்த வீடும், இந்தக் கட்டிலும், இந்தச் சட்டியும்! கடைசி நாளிலே ஆண்டவர் 'எனக்கு என்ன செய்தாய்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்றது?"

கண்ணில் நீர் தளும்பிவிட்டது அவருக்கு. நான் பாதிரியாரும் அல்ல, வேத பண்டிதனும் அல்ல, பத்திரிகைக்காரன். உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் கதை சொல்லத் தெரியும். அன்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கதை என்றாலும் இது கற்பனை அல்ல. நம் தெற்குச் சீமையில் நடந்த விஷயம்.

மூட்டையும் வெட்கமும்

அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் மில்லைல் என்று ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே மாவு மில் நடத்திவந்த வசதியான குடும்பத்தில் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி ஏமி கார்மைக்கேல் பிறந்தார். பிறகு குடும்பம் பெல்பாஸ்ட் நகரத்துக்குக் குடியேறியது.

ஏமிக்குப் பதினேழு வயசு இருக்கும்போது ஒரு ஞாயிறு. ஆலயத்திலிருந்து தம்பிமார்களோடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் கந்தல் உடுத்த கிழவி ஒருத்தி பெரிய மூட்டையைச் சுமக்கமாட்டாமல் தள்ளாடிக்கொண்டு போனாள். பிள்ளைகள் மூவரும் ஓடிப்போய், ஒருவர் மூட்டையை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் கிழவியின் கையைத் தாங்கிக்கொண்டார்கள்.

நல்ல காரியம்தானே? ஆனால் எதிரே வந்தவர்கள் யார் தெரியுமா? அதே ஆலயத்திலிருந்து பட்டும் தொப்பியுமாகத் திரும்பிக்கொண்டிருந்த கௌரவமான மனிதர்கள்! அவர்கள் பார்வை பட்டதும் ஏமிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. கிழவிக்கு உதவியதற்காக வெட்கம்! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தபோது, அப்படி வெட்கப்பட்டதற்காகவே அதிக வெட்கம் உண்டாயிற்று. உலகத்தார் மதிப்பு ஒரு பக்கம், கடவுள் மதிப்பு ஒரு பக்கம் என்றால் இனி எந்தப் பக்கம் நிற்பது என்று அன்றே தீர்மானித்துவிட்டார்.

அந்தத் தீர்மானம் அவரை முதலில் பெல்பாஸ்ட் மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் அழைத்துச் சென்றது. பிறகு ஜப்பான், இலங்கை என்று சுற்றி, 1895-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பின் ஐம்பத்தைந்து வருஷம், கண்மூடும் வரையில், ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை.

ஓடிவந்த சிறுமி

திருநெல்வேலிச் சீமையில் வாக்கர் என்ற பாதிரியார் தமிழில் தேர்ந்தவர். அவரிடம் ஏமி தமிழ் கற்றார். புடவை கட்டிக்கொண்டார். நம் நாட்டுப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று சுவிசேஷம் சொல்லிவந்தார். ஓரிடத்தில் நிற்காத ஓட்டம். அதுதான் தம் வாழ்க்கைப் பணி என்று அவர் நிச்சயமாக நம்பினார்.

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது, ஒரு பெண்மணி ஏழு வயசுச் சிறுமி ஒருத்தியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். ப்ரீனா என்று அறியப்படும் அந்தக் குழந்தை, பொட்டுக் கட்டுவதற்காகக் கோயில் தாசிகளின் வீட்டில் ஒப்படைக்கப்பட்டவள். அதற்கு முன்பே ஒரு தடவை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் பயந்துபோய்த் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். ஓடியதற்குத் தண்டனையாகப் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் தடவை தப்பியவள்தான் ஏமியிடம் வந்து சேர்ந்தாள். வந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்!

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டியத்தையும் சங்கீதத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் தேவதாசி குலத்துப் பெண்கள். அந்தக் கடனை நாம் மறக்கலாகாது. ஆனால் அறியாப் பருவத்துக் குழந்தைகளைப் பொட்டுக் கட்டி, பிறகு பணம் படைத்தவர்களின் இச்சைக்கு விட்டுவிடும் கொடுமையும் அதே வழக்கத்தின் நிழலில் வளர்ந்துவிட்டது. அதைச் சிறுமியின் வாய்மொழியாகக் கேட்ட ஏமிக்குத் தூக்கம் போயிற்று.

அந்த ஆண்டே அவர் குழுவினர் தோனாவூரில் நிலைகொண்டார்கள். களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் அது. டோனா என்ற ஜெர்மானியப் பிரபு பணம் உதவியதால் அவர் பெயர் ஊருக்கு வந்தது. அங்கே குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. 1904-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதினேழு குழந்தைகள். அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு.

கட்டுண்ட கால்கள்

கைக்குழந்தை என்றால் என்ன வேலை என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டுமா? நடு ராத்திரியில் அழும். பால் கொடுத்தால் கக்கும். இப்போது மாற்றிய துணி இன்னும் அரைமணியில் நனையும். ஒரு குழந்தைக்கே வீடு அல்லோலகல்லோலப்படும்; பத்துப் பதினைந்து என்றால்?

மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போன ஏமியின் கால்கள் தொட்டிலோடு கட்டப்பட்டுவிட்டன. அவரை அனுப்பிய நண்பர்கள் சிலருக்கே இது பிடிக்கவில்லை. சுவிசேஷம் சொல்லப் போனவர் ஆயா வேலை செய்வதா என்று முணுமுணுத்தார்கள். ஏமியின் மனத்திலும் அதே கேள்வி எழாமல் இல்லை. நன்றாகக் கவனியுங்கள், சகோதரிகளே: கே.கே. நகரில் வெந்நீர்ச் சட்டியோடு நின்ற அக்காவின் கேள்வியும் அதுதான். 'இது ஊழியமா? அல்லது ஊழியத்துக்குத் தடையா?'

இதற்குப் பதிலை ஏமி யோவான் சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கண்டார். சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவு. இயேசு சீடர்களோடு பந்தியில் இருக்கிறார். அந்தக் காலத்தில் அந்த நாட்டில், வீதிப் புழுதி படிந்து வரும் விருந்தாளியின் காலைக் கழுவுவது வீட்டு வேலைக்காரனின் வேலை. அங்கே வேலைக்காரன் இல்லை. சீடர்களில் ஒருவரும் அசையவில்லை. குரு எழுந்தார், மேலங்கியைக் கழற்றி வைத்தார், ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைத்தார். பேதுரு பதறிப்போய்த் தடுத்தும் விடவில்லை. நான் செய்ததுபோல நீங்களும் செய்யவேண்டும் என்பதுதான் அன்று அவர் கொடுத்த பாடம்.

பெரிய வியாழன் அன்று பல ஆலயங்களில் குருமார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். அது வருஷத்துக்கு ஒரு நாள். துண்டை அவிழ்க்காமல் வருஷம் முழுவதும் கட்டிக்கொண்டிருப்பது எப்படி? அதற்குத்தான் பொன்னம்மாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொன்னம்மாள்

ஏமி கார்மைக்கேல் பெயர் கடல் கடந்து பரவியிருக்கிறது. அவருக்கு வலக்கையாக இருந்த தமிழ்ப் பெண்ணின் பெயரை நம்மிலேயே எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பொன்னம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கையில் ஒரு பெண் குழந்தை. புக்ககத்தில் மூலையில் உட்காரவேண்டிய நிலைமை. அதிலிருந்து எழுந்து ஏமியின் குழுவில் வந்து சேர்ந்தார். அந்தக் குழுவில் பெண்கள் தாங்களாகவே நகைகளைக் கழற்றிவைத்தார்கள். பொன்னம்மாள் அதில் முன்னே நின்றவர். திருநெல்வேலிச் சீமையில் நகை இல்லாத பெண் என்றால் வீட்டுக் கௌரவத்துக்கே இழுக்கு. ஊர் என்ன பேசியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நகையைக் கழற்றுவது சுலபம்; அந்தஸ்தைக் கழற்றுவது கஷ்டம். கைக்குழந்தைகள் வந்தபோது அந்த உண்மை வெளியாயிற்று. வேதம் படித்துக்காட்டவும் பாட்டுப் பாடவும் பெண்கள் முன்வந்தார்கள். பீத்துணி கசக்குவதற்கு? அது தாழ்ந்த சாதியார் செய்யும் வேலை என்று பலர் ஒதுங்கினார்கள். வேதத்தைக் கையில் எடுத்தவர்களும் சாதியைக் கீழே போடவில்லை!

பொன்னம்மாள் யாரையும் கடிந்து பேசவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. ஒருவரும் தொட விரும்பாத வேலை எதுவோ அதைத் தாமே எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் செய்தார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெட்கமாகப் போயிற்று. மெள்ள ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கசக்கினாள், பிறகு இன்னொருத்தி.

தோனாவூரில் அப்போது வைத்திய வசதி கிடையாது. தாய்ப்பால் இல்லாத சிசுக்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருவாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்ததாக இருந்த நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிசுக்களுக்காக ஒரு விடுதி ஏற்படுத்தி, பொறுப்பைப் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தப் பால், எவ்வளவு தண்ணீர் கலப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொண்டு, தம் கையாலேயே கலந்து கொடுத்தார். ஒரு சமயம் சீதபேதி வந்து பல குழந்தைகள் இறந்துபோயின. தூக்கி வளர்த்த சிசுக்களைத் தம் கையாலேயே துணி சுற்றிக் கொடுக்கவேண்டியிருந்தது. அப்போதும் மிச்சம் இருக்கும் குழந்தைகளுக்கு அடுத்த வேளைப் பால் கலக்க எழுந்தவர் அவர்தான்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு விடுதி தோனாவூருக்கே திரும்பியது. 1913-இல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, பலிக்கவில்லை. இரண்டு வருஷம் வேதனைப்பட்டு 1915 ஆகஸ்டில் காலமானார். அவருடைய வாழ்க்கையை ஏமி ஒரு தனிப் புத்தகமாகவே எழுதினார். கூட்டங்களில் முழங்கியவர் அல்ல, ஊர்வலம் போனவர் அல்ல. பால் கலந்தார், துணி துவைத்தார், தொட்டில் ஆட்டினார். அந்தப் பெண்ணைத்தான் உண்மையான சீடர் என்று அடையாளம் காட்டினார் ஏமி.

கட்டில் என்ற பீடம்

ஏமியின் முறையும் பிறகு வந்தது. 1931-ஆம் ஆண்டு அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காகத் தயார் செய்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. ஊர் ஊராக ஓடியவர், நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தூக்கிய தாய், ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஓர் அறைக்குள் கட்டிலில் கிடந்தார். பிறர் கையால் உண்டு, பிறர் கையால் எழுந்து உட்கார்ந்தார். கழுவிய கைகளுக்குக் கழுவப்படும் முறை! எளிதா அது? கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதற்கு அதிக மனத்தாழ்மை வேண்டும். பேதுரு தடுத்தது அதனால்தானே?

அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே புத்தகங்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார். 1951 ஜனவரி 18-ஆம் தேதி காலமானார். கல்லறையில் கல் நாட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு தமிழ்ச் சொல். பட்டம், பதவி, பிறந்த ஊர் ஒன்றும் கிடையாது.

தொட்டிலும் சட்டமும்

துண்டு கட்டினால் மட்டும் போதுமா, துன்பத்தின் வேரை வெட்டவேண்டாமா என்று சில சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேரை வெட்டவும் ஒரு தமிழ்ப் பெண் வந்தார். சென்னைச் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். தாமே அந்தக் குலத்துத் தாயின் வயிற்றில் பிறந்தவர். போக்கிடம் இல்லாத பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லத்தை ஆரம்பித்தார். கடைசியில் 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

தொட்டிலும் வேண்டும், சட்டமும் வேண்டும். தவிக்கிற குழந்தைக்குச் சட்டம் வரும் வரையில் காத்திருக்க முடியாது. தொட்டிலோடு நின்றுவிட்டால் அடுத்த குழந்தையும் தவிக்கும். இயேசுவின் பெயரைச் சொல்லித் துண்டு கட்டியவர்களையும், அந்தப் பெயரைச் சொல்லாமலே கட்டியவர்களையும் நம் தமிழ்நாடு கண்டிருக்கிறது. இரு கூட்டத்தாரும் கழுவியது ஒரே மாதிரியான கால்களைத்தான்.

மறுபடியும் கே.கே. நகர்

கதையை இவ்வளவில் நிறுத்தினேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. தம் இடுப்பில் இருந்த துண்டைக் குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. தூங்குகிறார் என்று நாங்கள் எண்ணியிருந்த மாமியார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

"தம்பி சொன்னது சரிதான். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க" என்றார். "அன்னைக்குத் துண்டு கட்டினது பொம்பளை இல்லையே!"

நான் அசந்துபோனேன். என்ன சொல்கிறீர்கள், நேயர்களே? பந்தியை விட்டு எழுந்து துண்டு கட்டியவர் ஆண்மகன். கட்டச் சொன்னது பன்னிரண்டு ஆண்களிடம். நாமோ அந்தத் துண்டை அப்படியே மடித்துப் பெண்களின் தலையில் வைத்துவிட்டோம்! சேவை என்பது வீட்டில் ஒருத்தி தேய்ந்துபோவதற்கு இன்னொரு பெயர் அல்ல. அக்காவின் மனத்தை அரித்தது வேலை மட்டும் அல்ல. அந்த வேலையில் தாம் தனியாக விடப்பட்டதுந்தான். நோயாளி உள்ள வீட்டில் இரவு விழிப்பை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால், அண்டை வீட்டார் வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து துணைக்கு உட்கார்ந்தால், எத்தனை அக்காக்கள் மூச்சு விடுவார்கள்! பெரியாஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுபோவது நல்ல காரியம். போகிற வழியில், மூன்று வருஷமாகத் திறக்காத ஜன்னல் கொண்ட வீடு நம் தெருவிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல காரியம்தான்.

சற்று நேரத்தில் வீட்டுக்காரர் ஆலயத்திலிருந்து திரும்பினார். சட்டைப் பையில் பேனா, கையில் வேதப் புத்தகம். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, இன்னைக்கு அய்யர் என்ன பிரசங்கம் பண்ணினாரு?"

"அன்பைப் பத்தி, அம்மா."

"சரி, அந்தச் சட்டியை எடு. என் காலைக் கழுவி விடு. அவள் போய் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வரட்டும்."

மனிதர் திருதிருவென்று விழித்தார். பிறகு புத்தகத்தை அலமாரியில் வைத்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் தம் இடுப்புத் துண்டை அவிழ்த்து நீட்டினார். அவருக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. பாதி வெந்நீர் தரையில் கொட்டியது. கட்டிலில் கிடந்த தாயின் காலைத் தொட்டதும், எத்தனை மெலிந்துபோய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது போலும். தலையை நிமிர்த்தாமலே வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் அக்கா காப்பி ஆற்றினார். உட்கார்ந்தபடி, சூடு ஆறாமல், தாம் ஒரு டம்ளர் காப்பி குடித்து எத்தனை நாளாயிற்று என்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். கணக்கு முடியுமுன் டம்ளர் காலியாகிவிட்டது.